ஊகப் புனைவுத் தொகுப்புகளில் ஒரு கதை உச்சத்தில், அடுத்தது பள்ளத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைகதை, மாயக்கதை, பேய்க்கதை என எதை எடுத்தாலும், தொகுப்பாகப் படித்தவர்களின் புலம்பல் ஒன்றுதான்: "நாலு கதை அபாரம், மீதி சுமார்." பல வருடங்களாக இந்த வகைத் தொகுப்புகளையே விழுந்து விழுந்து படிக்கிறேன் என்பதால் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஊகப் புனைவு என்றால் எதெல்லாம் அடங்கும்?

"இப்படி மட்டும் நடந்தால் என்ன ஆகும்?" என்ற கேள்வியில் பிறக்கும் கதைகள் எல்லாம். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, அமானுஷ்யம், மாற்று வரலாறு, உலகம் அழிந்தபின் நடக்கும் கதை என எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அது. எது எதில் சேரும் என்று சண்டை போடுபவர்கள் போடட்டும்.

இன்னொரு சொல் குழப்பம். ஒருவரே எழுதியதையும் தொகுப்பு என்கிறோம், பலர் எழுதியதைச் சேர்த்ததையும் தொகுப்பு என்கிறோம். இங்கே முதலாவதைத் தொகுப்பு என்றும் இரண்டாவதைத் தொகைநூல் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் தடுமாறும் விதம் வேறு வேறு.

ஒரே ஆள்தானே எழுதுகிறார்? அப்புறம் ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கம்?

ஒவ்வொரு கதைக்கும் அவர் அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான். நடப்புலகக் கதை எழுதுபவருக்கு உலகம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. "அவன் பேருந்திலிருந்து இறங்கினான்" என்று எழுதினால் போதும். பேருந்து எப்படி இருக்கும், அதில் கூட்டம் எப்படி நெரிக்கும், இறங்கியவன் சட்டை எப்படிக் கசங்கியிருக்கும் என்பதையெல்லாம் வாசகர் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். கதை சுமாராகப் போனாலும் அந்தத் தெரிந்த உலகம் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

ஊகப் புனைவில் அந்தத் தாங்கல் கிடையாது. ஐயாயிரம் சொல்லுக்குள் ஓர் உலகம் வேண்டும், அதன் விதிகள் வேண்டும், அந்த விதிகளில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் வேண்டும், நமக்கு அவர்மேல் அக்கறை வர வேண்டும், முடிவும் பொருந்தி வர வேண்டும். பன்னிரண்டு கதை என்றால் இதைப் பன்னிரண்டு தடவை செய்ய வேண்டும். போன கதையில் கட்டிய உலகத்தை அடுத்த கதைக்குத் தூக்கிப் போக முடியாது. ஒரு செங்கல் சரியாக உட்காராவிட்டால் மொத்தமும் சரியும். நடப்புலகக் கதை சறுக்கினால் சுமாரான கதையாக மிஞ்சும், இது சறுக்கினால் அபத்தமாகிவிடும். அதனால்தான் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இத்தனை தூரம் தெரிகிறது.

ஓர் உதாரணம். தூக்கத்தைப் பணம்போல் கைமாற்றிக்கொள்ளும் ஓர் உலகம் என்று வைத்துக்கொள்வோம். கதையை இப்படித் தொடங்கலாம்: "2140ஆம் ஆண்டு மூளை அலைகளைச் சேமிக்கும் தொழில்நுட்பம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் மனிதர்கள் தங்கள் தூக்கத்தைப் பிறருக்கு மாற்றித்தர முடிந்தது. இதனால் சமூகத்தில் பெரும் மாற்றங்கள் ஏற்பட்டன." மூன்று வாக்கியம் முடிந்தும் ஒரு மனிதர்கூட வரவில்லை. இன்னும் இரண்டு பக்கம் போனால் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் "உனக்குத்தான் தெரியுமே" என்று ஆரம்பித்து, அவருக்குத் தெரிந்ததையே நமக்காகச் சொல்லும். அங்கே நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

அதே கதையை இப்படியும் தொடங்கலாம்: "அப்பா இந்த மாதமும் என் தூக்கத்தைத்தான் அடகு வைத்தார்." ஒரே வரிதான். தூக்கத்தை அடகு வைக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. அது இந்த வீட்டில் வழக்கம் என்பதும், பெற்றவருக்குப் பிள்ளையின் தூக்கத்தின் மேல் உரிமை இருக்கிறது என்பதும், இந்தப் பிள்ளை கண் எரிய உட்கார்ந்துதான் நம்மிடம் பேசுகிறது என்பதும் தெரிந்துவிட்டன. எந்த வருடம், எந்தக் கருவி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இரண்டு தொடக்கத்தையும் ஒரே எழுத்தாளர் எழுதலாம். இரண்டும் ஒரே தொகுப்பில் இருபது பக்க இடைவெளியில் வரவும் செய்யலாம். ஏற்ற இறக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

கதைகள் பெரும்பாலும் எங்கே சறுக்குகின்றன?

நான் பார்த்தவரை நாலு இடத்தில். முதலாவது, யோசனை இருக்கும், கதை இருக்காது. அட்டையில் ஒரு வரியாகப் படித்தபோது கிடைத்த சிலிர்ப்புக்கு மேல் உள்ளே ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது, கடைசி வரித் திருப்பத்துக்காகவே பத்து பக்கம் காத்திருக்க வைப்பது. அந்த வேற்றுக்கிரகம் கடைசியில் பூமிதான், கதைசொல்லி ஏற்கெனவே செத்துப்போனவர், நடந்ததெல்லாம் ஓர் இயந்திரத்தின் கனவு. ஒரு தடவை என்றால் ரசிக்கலாம். மூன்றாவது, நாவலின் முதல் அத்தியாயத்தைச் சிறுகதை என்று கொடுப்பது: உலகம் பிரமாதமாக விரியும், ஆள் கதவைத் திறப்பார், கதை முடிந்துவிடும். நான்காவது உபதேசம். சர்வாதிகாரம் தீது, இயற்கையைக் காப்போம் என்பதைச் சொல்ல ஒரு கிரகத்தையே படைத்திருப்பார்கள்.

என் கணக்கில் மூன்றாவதுதான் மன்னிக்கக்கூடிய குற்றம். அந்த எழுத்தாளரிடம் ஒரு நாவல் இருக்கிறது என்றாவது தெரிகிறது.

தொகுப்பு எப்படி உருவாகிறது என்பதிலேயே சிக்கல் இருக்கிறதா?

இருக்கிறது. வாசகர் தொகுப்பை ஒரு புத்தகமாகப் பார்க்கிறார். பெரும்பாலான தொகுப்புகள் புத்தகமாக எழுதப்பட்டவை இல்லை. வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு பத்திரிகைகளுக்கு, வெவ்வேறு ஆசிரியர்களின் பிடிவாதங்களுக்கு ஏற்ப எழுதியவற்றைப் பின்னால் சேர்த்துத் தைப்பதுதான் வழக்கம். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியதிலிருந்து இந்த வகையின் பிழைப்பே பல பத்தாண்டுகள் பத்திரிகைகளை நம்பித்தான் இருந்தது. மலிவுத்தாள் பத்திரிகைகள் சொல்லுக்கு இத்தனை காசு என்று அளந்து கொடுத்தன. நிறைய எழுதியவருக்குத்தான் அடுப்பு எரிந்தது. ஃபிலிப் கே. டிக் 1953ஆம் ஆண்டில் மட்டும் முப்பதை ஒட்டிய கதைகளை வெளியிட்டார். அந்த வேகத்தில் எழுதியவை எல்லாம் ஒரே தரத்தில் இருந்தால்தான் ஆச்சரியம்.

எதிர்முனையில் டெட் சியாங். 1990இல் முதல் கதை வெளியானது. 2002இல் எட்டுக் கதைகளோடு ஒரு தொகுப்பு, 2019இல் ஒன்பது கதைகளோடு இன்னொன்று. ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு இரண்டே தொகுப்புகள். இத்தனை நிதானமாக எழுதுபவரிடமும் ஒரு சம்பவம் உண்டு. முதல் தொகுப்புக்கென்றே புதிதாக எழுதிச் சேர்த்த கதை, இந்த வகைக்கான பெரிய விருதான ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவசரப்படுத்தியதால் அந்தக் கதை தான் நினைத்தபடி வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். வாசகர்களுக்கு அது பிடித்திருந்தது, எழுதியவருக்குத்தான் உறுத்தியது. தொகுப்புக்காக அவசரமாக எழுதிச் சேர்த்த கடைசிக் கதை என்பது எவ்வளவு பெரியவருக்கும் கண்டம்தான்.

எழுதியவருக்குப் பிடிக்காதது வாசகருக்குப் பிடிக்கிறது என்றால், ஏற்ற இறக்கம் கதையில் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா?

பாதிக்குப் பாதி என்பேன். 1960களின் கடைசியில் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள், 1964 வரை வந்த சிறுகதைகளில் எது சிறந்தது என்று வாக்களித்தார்கள். ஐசக் அசிமோவ் 1941இல் வெளியிட்ட, ஆறு சூரியன்கள் கொண்ட, இரண்டாயிரம் வருடத்துக்கு ஒரு முறை மட்டுமே இருட்டும் உலகின் கதை முதலிடம் பிடித்தது. அதை எழுதும்போது அவருக்கு 21 வயது. அசிமோவோ தன் கதைகளில் தனக்குப் பிடித்தது 1956இல் வெளியான வேறொன்று என்று சொல்லிவந்தார். அது பிரபஞ்சம் அணைந்துபோவதைத் தடுக்க முடியுமா என்று தலைமுறை தலைமுறையாக ஒரு கணினியிடம் கேட்கும் கதை.

அந்த வாக்கெடுப்பின் அடிப்படையில் ராபர்ட் சில்வர்பர்க் தொகுத்த 26 கதைகள் 1970இல் புத்தகமாக வந்தன. சக எழுத்தாளர்களே வடிகட்டிக் கொடுத்த கதைகள். அதையும் படித்துவிட்டு "பாதிதான் தேறும்" என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள்.

நான் என் பங்குக்கு ஒரு சோதனை செய்தேன். பதினான்கு கதைகள் கொண்ட ஒரு தொகுப்பின் பொருளடக்கப் பக்கத்தில், பிடித்த கதைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு, பிடிக்காததற்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். எட்டு வருடம் கழித்து அதை எடுத்து, பொருளடக்கத்தைப் பார்க்காமல் முழுக்கப் படித்து, தனித்தாளில் புதிதாகக் குறித்து ஒப்பிட்டேன். முதல் தடவை நான்கு கோடு, இரண்டாம் தடவையும் நான்கு கோடு. இரண்டு பட்டியலிலும் இருந்தது ஒரே ஒரு கதை. முன்பு பெருக்கல் குறி வாங்கிய ஒன்று இப்போது முதலிடத்தில். வயதான பெண் ஒருவர், இறந்த கணவரின் குரலில் பேசும் வீட்டை விற்கத் தயங்கும் கதை அது. முதலில் படித்தபோது "ஒன்றுமே நடக்கவில்லை" என்று ஓரத்தில் வேறு எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பலர் எழுதிய தொகைநூல் இன்னும் மோசமாக இருக்குமா?

பள்ளங்கள் ஆழமாக இருக்கும், ஆனால் சலிப்பு குறைவு. ஒருவர் கைவிட்டாலும் அடுத்தவர் வேறு குரலில் பேசுகிறார்.

தொகைநூலின் வியாதிகள் வேறு. ஒன்று, பெயருக்காகச் சேர்க்கும் கதைகள்: அட்டையில் பெரிய எழுத்தில் போட ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயர்க்காரரிடம் மிச்சமிருந்தது சுமாரான ஒரு கதை. இரண்டு, கருப்பொருள் கொடுத்து எழுதச் சொல்வது. "கடல்" என்று கொடுத்தால் இருபது பேரில் ஏழு பேர் மூழ்கிய நகரத்தை எழுதுவார்கள். தனித்தனியாகப் படித்தால் ஏழும் நன்றாக இருக்கலாம். வரிசையாகப் படிக்கும்போது நாலாவது நகரம் மூழ்குவதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

தொகுப்பாசிரியரின் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹார்லன் எல்லிசன்தான் உதாரணம். வேறெங்கும் வெளிவராத 33 புதிய கதைகளோடு 1967இல் ஒரு தொகைநூல் கொண்டுவந்தார். வழக்கமான பத்திரிகைகள் தொடப் பயந்த கதைகளைக் கேட்டு வாங்கினார். அந்த வகையின் போக்கையே அது அசைத்தது. அதிலும் எல்லாம் தேறவில்லை, ஆனால் தேறியவை வேறு எங்கேயும் வந்திருக்க முடியாதவை. 1972இல் இரண்டாவது வந்தது. மூன்றாவதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனார். கதை கொடுத்தவர்களில் சிலர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், சிலர் இறந்தே போனார்கள். எல்லிசனும் 2018இல் காலமானார். கடைசியில் 2024இல் மிகச் சுருங்கிய வடிவில் அது வந்தது. தொகுப்பது என்பது விடுவதும்தான் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம், கேட்டிருக்க மாட்டார்.

கதைகளை ஒரு சட்டகத்தில் கோத்துவிட்டால் சீராகிவிடாதா?

ஓரளவுக்கு. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன கதைகள் எல்லாம் ஒரே தரமா என்ன? ஆனாலும் தோளில் பிணம், வழியெல்லாம் இருட்டு, பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசிவிட்டால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அந்த இக்கட்டு இருப்பதால் சுமாரான கதையையும் காது கொடுத்துக் கேட்கிறோம்.

அறிவியல் புனைகதைக்காரர்களும் இதைச் செய்தார்கள். அசிமோவ் 1940இலிருந்து எழுதிவந்த ஒன்பது ரோபோக் கதைகளை 1950இல் நூலாக்கியபோது, சூசன் கால்வின் என்ற வயதான ரோபோ உளவியலாளர் ஒரு நிருபரிடம் தன் அனுபவங்களைச் சொல்வதாக இணைப்புப் பகுதிகள் எழுதிச் சேர்த்தார். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதில் தொடங்கும் மூன்று விதிகள் என்ற பொதுச் சரடு ஏற்கெனவே இருந்ததால் அது ஒட்டிக்கொண்டது. ரே பிராட்பரி 1951இல் பதினெட்டுக் கதைகளை, உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒரு மனிதரின் படங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறுவதாகக் கோத்தார். எனக்கு அந்தச் சரடு மெலிதாகத்தான் படுகிறது. நாலைந்து கதைக்குப் பிறகு அந்த மனிதரை மறந்தே போகிறோம், கதைகள் தம் காலிலேயே நிற்கின்றன. சட்டகத்துக்குள் ஒரு இக்கட்டு இருந்தால் அது கதைகளைத் தாங்கும், இல்லாவிட்டால் வெறும் ரிப்பன்தான்.

எதிலும் தொண்ணூறு சதவீதம் குப்பைதான் என்று ஒரு விதி உண்டாமே?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் தியடோர் ஸ்டர்ஜன் 1950களில் சொன்னது. அறிவியல் புனைகதையில் பெரும்பகுதி குப்பை என்று பிறர் மட்டம் தட்டியபோது, எதை எடுத்தாலும் தொண்ணூறு சதவீதம் அப்படித்தான் என்று திருப்பிக் கொடுத்தார். அவர் எந்தக் கணக்கெடுப்பும் நடத்தவில்லை, வாதத்துக்குச் சொன்னது. இதைச் சுமாரான தொகுப்புக்குச் சமாதானமாக இழுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். மொத்தத்தில் தொண்ணூறு குப்பை என்பதால்தான் தொகுப்பாசிரியர் என்று ஒருவரை வைத்திருக்கிறோம்.

சரி, எத்தனை கதை தேறினால் அது நல்ல தொகுப்பு?

சராசரி போடாதீர்கள் என்பதுதான் என் ஒரே பதில். பன்னிரண்டு கதைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது, யாரும் எழுதாத, யாரும் படிக்காத ஒரு கதையின் மதிப்பெண். ஐந்து வருடம் கழித்து ஒரு புத்தகத்திலிருந்து மனதில் நிற்பது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்று மனதைவிட்டுப் போகாமல் இருந்தால், மீதிப் பதினொன்றையும் நான் மன்னித்துவிடுவேன்.

ஆனால் எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரி இல்லை. துணிந்து தாவி விழுந்த கதை ஒரு வகை: இரண்டாம் நபரில் ஒரு மரம் பேசுவதுபோல் எழுதிப் பார்த்திருப்பார், வந்திருக்காது. அது கண்டிப்பாகத் தொகுப்பில் இருக்கட்டும், உச்சத்தில் நிற்கும் கதை பிறந்ததும் அதே துணிச்சலில்தான். பக்கம் நிரப்பச் சேர்த்தது இன்னொரு வகை. அதில் தோல்விகூட இருக்காது, முயற்சியே இருக்காது. முதல் வகைக்காக ஒரு தொகுப்பைக் குறை சொல்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்பேன்.

எல்லாக் கதையும் ஒரே தரத்தில் இருக்கும் தொகுப்பே கிடையாதா?

உண்டு, எனக்கு அவற்றின்மேல் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. பல சமயம் ஒரு நல்ல உத்தியைக் கண்டுபிடித்துவிட்டு அதையே பத்து தடவை செய்திருப்பார்கள். மூன்றாவது கதையில் வாய்பாடு பிடிபடும். ஆறாவதில் அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று நாமே சொல்லிவிடலாம்.

கதைகளை அடுக்கும் வரிசையில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

நிறைய. முதல் கதை கடையின் முகப்பு, எளிதாக உள்ளே இழுப்பதைத்தான் வைப்பார்கள். பெரும்பாலும் ஆகச் சிறந்தது அங்கே இருக்காது. நீளமான, கனமான கதை கடைசியில். தலைப்புக் கதையை நடுவில் தூண்போல நிறுத்துவார்கள். பலவீனமானவற்றை எங்கே ஒளிப்பார்கள் என்று கேட்டால், முக்கால்வாசி தாண்டிய இடத்தைப் பாருங்கள். வாசகர் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி விடமாட்டார் என்று தெரிந்த இடம் அது. எனக்குப் புதிய எழுத்தாளர் என்றால் நான் முதலில் அங்கேதான் திறப்பேன். அங்கே இருக்கும் கதை சுமாருக்கு மேல் என்றால் நிம்மதியாக முதல் பக்கத்துக்குப் போவேன்.

நீளம் ஒரு காரணமா? மூன்று பக்கக் கதையும் எண்பது பக்கக் கதையும் ஒரே நூலில் வருகிறதே.

வாசிப்பு வேகம் குலைவதைப் பலர் தரக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹியூகோ விருதுக் கணக்கில் 7,500 சொல்லுக்குள் இருந்தால் சிறுகதை, அதற்கு மேல் 17,500 வரை நெடுங்கதை, அதையும் தாண்டி 40,000 வரை குறுநாவல். இவை மூன்றுக்கும் மூச்சு வேறு. குறுநாவலில் ஊறிய மனதோடு அடுத்து வரும் மூன்று பக்கக் கதையைத் தொட்டால் அது துணுக்குபோலத் தெரியும்.

நம் பழைய தொகுப்பாளர்கள் இதில் கெட்டிக்காரர்கள். நாலு முதல் எட்டு அடி என்றால் குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு என்றால் நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று என்றால் அகநானூறு. அடிக்கணக்குப் பார்த்தே தனித்தனி நூலாகப் பிரித்துவிட்டார்கள்.

ஒரே மூச்சில் படிப்பது நல்லதா, விட்டுவிட்டா?

விட்டுவிட்டு. சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடித்து, ஒற்றை விளைவை மனதில் விட்டுப்போக வேண்டும் என்று எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். ஒற்றை விளைவு என்றால் அது மனதில் தங்க இடம் கொடுக்க வேண்டாமா? ஒவ்வொரு கதையிலும் புது உலகத்தின் விதிகளைக் கற்க வேண்டும், முடிந்ததும் மறக்க வேண்டும். ஒரே மாலையில் ஐந்து தடவை இதைச் செய்தால் ஐந்தாவது கதை நிச்சயம் சுமாராகத்தான் இருக்கும், அதை யார் எழுதியிருந்தாலும்.

பிடிக்காத கதையைப் பாதியில் விடலாமா?

தாராளமாக. ஆனால் முதல் இரண்டு பக்கத்துக்குள் "ஒன்றும் புரியவில்லை" என்று விடாதீர்கள். இந்த வகையில் தொடக்கக் குழப்பம் இயல்பு. மூன்றாவது பக்கத்திலும் ஒருவர்மேல்கூட அக்கறை வரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

பழைய தொகுப்புகளில் அறிவியலே தப்பாகிவிட்டதே, அதையும் தரக் குறைவு என்று கொள்ளலாமா?

வெள்ளிக் கிரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடியிருப்பதால் அங்கே ஓயாத மழையும் சதுப்புக் காடும் இருக்கலாம் என்று ஒரு காலத்துக் கதைகள் நம்பின. 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்தது. அங்கே கொதிக்கிறது என்று தெரிந்தது, பிற்பாடு உறுதியான கணக்குப்படி 460 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், ஈயமே உருகிவிடும். பிராட்பரி 1954இல் எழுதிய ஒரு கதையில் வெள்ளியில் ஓயாமல் மழை பெய்கிறது, ஏழு வருடத்துக்கு ஒரு முறைதான் சூரியன் தலைகாட்டும். அந்த நாளில், பூமியிலிருந்து வந்த, சூரியனை நன்றாக நினைவு வைத்திருக்கும் ஒரே சிறுமியைச் சக மாணவர்கள் அலமாரி அறையில் அடைத்துவிடுகிறார்கள். வெள்ளியைப் பற்றிய ஒவ்வொரு வரியும் தப்பு. இன்றும் படித்துவிட்டு என்னால் உடனே அடுத்த கதைக்குப் போக முடிவதில்லை.

அதே காலத்தில் வெள்ளியின் காற்றழுத்தத்தைக் கணக்கு போட்டே கதை நடத்தியவர்களும் உண்டு. கணக்கு தப்பானதும் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

மொழிபெயர்ப்புத் தொகுப்புகள் கூடுதலாகத் தடுமாறுவது ஏன்?

இல்லாத பொருளுக்கு ஆசிரியர் ஒரு சொல் படைத்திருப்பார். மொழிபெயர்ப்பாளர் அதற்கு இன்னொரு சொல் படைக்க வேண்டும், அதுவும் அந்த உலகத்து மக்கள் தினம் புழங்கித் தேய்ந்த சொல்போல ஒலிக்க வேண்டும். அகராதித் தமிழில் "உறக்கப் பரிமாற்றகம்" என்று போட்டால் கதை அலுவலகக் கோப்பாகிவிடும். "தூக்கக் கடை" என்றால் உள்ளே நுழையலாம்.

விமர்சனம் எழுதும்போது ஏற்ற இறக்கத்தை எப்படிச் சொல்வது?

"சில கதைகள் நன்று, சில சுமார்" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். அது எல்லாத் தொகுப்புக்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் பொருந்தாது. உங்களை உலுக்கிய இரண்டு கதைகளைப் பெயர் சொல்லி, ஏன் என்று எழுதுங்கள். சறுக்கிய ஒன்றை எடுத்து எந்த இடத்தில் சறுக்கியது என்று காட்டுங்கள். மீதியை விட்டுவிடலாம். முடிவை உடைக்காமல் எழுத முடியாத கதை என்றால், பெரும்பாலும் அந்த முடிவைத் தவிர அதில் வேறு ஒன்றும் இருக்காது. அதையே மறைமுகமாகச் சொல்லிவிடலாம்.

நான் எழுதுகிறேன். முதல் தொகுப்பு போடப்போகிறேன். எதை விடுவது?

ஒரு நண்பர் பதினேழு கதைகளோடு வந்து இதையே கேட்டார். இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கதைக்கும் ஒரு துண்டுச்சீட்டு எடுத்தோம். சீட்டின் ஒரு பக்கம் கதையின் யோசனை ஒரு வரியில், மறுபக்கம் கதையில் யார் எதை இழக்கிறார் என்று ஒரு வரியில். ஐந்து சீட்டுக்கு மறுபக்கம் காலியாகவே இருந்தது, அவரால் எழுத முடியவில்லை. மூன்று சீட்டில் மறுபக்கம் ஏறத்தாழ ஒரே வரி: அப்பாவிடம் சொல்லாமல் போன ஒன்று. மூன்றில் சிறந்ததை வைத்துக்கொண்டோம். காலிச் சீட்டுகளில் நான்கை அவரே கிழித்துப் போட்டார், ஒன்றை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பத்து மிஞ்சியது.

பதிப்பகத்தில் "புத்தகம் மெலிதாக இருக்கிறதே, இன்னும் நாற்பது பக்கம் சேருங்கள்" என்றார்கள். கிழித்ததில் மூன்று கதைகள் திரும்ப உள்ளே போயின. வெளிவந்த விமர்சனங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் அந்த மூன்றைத்தான் குறிப்பிட்டன. அவர் சட்டைப் பைக்குள் வைத்த கதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. அதன் மறுபக்கத்தை நிரப்ப இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் கேட்டபோது அறுபதாவது பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்.